மூன்று புள்ளி ஏழு

புட்டியை மேனகாதான் கொண்டுவந்தாள்,
ஏற்காட்டிலிருந்து இறங்கும் ஆறரை மணி பஸ்ஸில்,
இருபது கொண்டை ஊசிக்கும்
மூடியை உள்ளங்கையால் அழுத்தியபடி.
காட்டேஜைக் காலி செய்த பெங்களூர்க்காரர்கள்
ஃப்ரிட்ஜில் விட்டுப் போனது.
தாய்லாந்துப் பச்சைக் குழம்பு.
"கெட்டுப்போகலக்கா, மோந்து பாரு."
மோந்தேன்.
எலுமிச்சைப்புல், தேங்காய்,
அதன் பின்னாலேயே
கருவாட்டுக் கடையைத் தாண்டிப்போகிற மாதிரி ஒன்று.

அவள் அரிசி களைந்தாள்.
நான் புட்டியைத் திருப்பி
கட்டம் போட்ட பக்கத்துக்குப் போனேன்.
படத்தைப் பார்த்து எதையும் வாங்கிப் பழகாத கண் இது.

நூறு கிராமில்
புரதம் ஒன்று புள்ளி ஒன்று.
கார்போஹைட்ரேட் எட்டு புள்ளி ஒன்பது,
அதற்குள் சர்க்கரை ஐந்து புள்ளி இரண்டு.
கொழுப்பு ஆறு புள்ளி நான்கு.
சோடியம் எழுநூற்று இருபது மில்லிகிராம்
(உப்பு டப்பாவோடு வந்த மேனகாவின் கையைத் தட்டிவிட்டேன்).
கலோரி தொண்ணூற்றெட்டு.

பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில்
இரண்டை நாலாலும் ஒன்றை ஒன்பதாலும் பெருக்கிக்
கூட்டினால் தொண்ணூற்றேழு புள்ளி ஆறு.
எட்டாக்கிவிட்டார்கள். பரவாயில்லை.
நானும் எட்டென்றுதான் போடுவேன்.

எட்டு புள்ளி ஒன்பதில் சர்க்கரையைக் கழித்தேன்.
மீதி மூன்று புள்ளி ஏழு.
பொடி எழுத்துச் சேர்மானத்தில் ஒன்பதாவது பெயர்:
மரவள்ளி ஸ்டார்ச்.

அட, நீயா.

பதினோரு வருஷமாக
சேகோ ஆலை லேபில் உன்னோடுதான் இருக்கிறேன்.
மதியச் சோற்றிலும் உன் புளித்த வாசம்.
லாரியிலிருந்து ஐந்து கிலோ கிழங்கை எடுத்து
மண் போகக் கழுவி
தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்து
இத்தனை பாயிண்ட் என்று சீட்டெழுதுகிறவள் நான்.
பாயிண்டுக்குத்தான் காசு.
சீட்டு என் கையெழுத்தில் போகும்.

கடல் தாண்டி எந்த ஊரிலோ
உன்னையும் யாரோ தொங்கவிட்டிருப்பாள்.
அவளுக்கும் ஒரு மேனேஜர் இருப்பார்,
பின்னால் வந்து நின்று
ஒன்றும் சொல்லாமல் தொண்டையைச் செருமுவார்.

இன்றைக்கு வாழப்பாடி அர்த்தநாரியின் லோடு.
முள் நின்றது இருபத்தேழில்.
செருமல் கேட்டது.
எழுதினது இருபத்தைந்து.

அவர் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.
சீட்டை இரண்டாக மடித்து
செல்போன் உறைக்குள் செருகிக்கொண்டு
"மழை கொஞ்சம் சாஸ்திம்மா இந்த வாட்டி" என்றார்,
இல்லாத இரண்டு பாயிண்டுக்கு
அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்து.

"என்னக்கா, குழம்பைப் படிச்சிக்கிட்டே இருக்க?"

புட்டிக்கு இரண்டரைப் பரிமாறல் என்று போட்டிருக்கிறது.
பெங்களூர்க்காரர்கள் ஒன்றை முடித்துவிட்டார்கள்.
மீதி ஒன்றரை. நாங்கள் இரண்டு பேர்.
முழுசை அவள் தட்டில் ஊற்றினேன்.
அரை எனக்கு.
ஏனென்று அவள் கேட்கவில்லை,
வாயில் சோறு. பிறகு சொன்னாள்:
"நம்ம ரசத்துல தேங்காப்பால் விழுந்தாப்ல இருக்கு."

நன்றாகத்தான் இருந்தது, சொல்லப்போனால்.
நாக்கில் எங்கேயும் மாவு தட்டவில்லை.
இருக்கிற இடம் தெரியாமல்
எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது
அந்த மூன்று புள்ளி ஏழு.

கழுவும்போதுதான் கடைசி வரியைப் பார்த்தேன்:
அடியில் தங்குவது இயல்பே,
குலுக்கிவிட்டுப் பயன்படுத்தவும்.

ஆலையில் இந்நேரம்
தொட்டித் தொட்டியாய்ப் பால் தங்கிக்கொண்டிருக்கும்.
அதை யாரும் குலுக்க மாட்டார்கள்.
காலையில் மேல்தண்ணீரைத் திறந்துவிட்டால்
அடியில் வெள்ளையாய்,
மண்வெட்டி போட்டுத்தான் வெட்ட வேண்டும்
அவ்வளவு இறுகி.

எட்டு மணிக்கு அர்த்தநாரியின்
இரண்டாவது லோடு.